சாலை எங்கே முடிகிறது?



"சேரிக்குச் சாலை போடாமல் விட்டுவிட்டார்கள்" என்று சொல்கிறோம். 'விட்டுவிட்டார்கள்' என்றால் ஏதோ மறந்துபோனது போலத் தொனிக்கிறது. என் ஆய்வுக்காக ஊராட்சிகளின் சாலைக் கோப்புகளைப் படித்து வருகிறேன். அவற்றில் மறதி இல்லை. எல்லாமே அளந்துதான் நடக்கிறது.

ஊரின் பொதுச் சாலைகளை அமைப்பதும் பழுதுபார்ப்பதும் பராமரிப்பதும் கிராம ஊராட்சியின் கடமை என்கிறது 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், பிரிவு 110. நெடுஞ்சாலைகளும் ஊராட்சி ஒன்றியச் சாலைகளும் மட்டும் இதில் வராது. ஊர், சேரி என்ற பாகுபாடு சட்டத்தில் இல்லை. பிறகு அது எங்கே நுழைகிறது?

பதிவேட்டில் நுழைகிறது. பழைய சாலைக்குப் புதிதாகத் தார் போட வேண்டுமானால் முதலில் அது சாலைப் பதிவேட்டில் இருக்க வேண்டும். பிறகு மதிப்பீடு, டெண்டர், வேலை, அளவுப் புத்தகம், பில். வேலை எந்த மீட்டரில் தொடங்கி எந்த மீட்டரில் முடிகிறது என்பது இவற்றில் எழுதியிருக்கும்.

நான் பார்த்த ஒரு கோப்பைச் சொல்கிறேன். மெயின் ரோட்டிலிருந்து சேரி வழியாகச் சுடுகாடு வரை 1,400 மீட்டர். மதிப்பீட்டில் இருப்பதோ 0 முதல் 800 மீட்டர் வரை. ஊர்த்தெரு முடிவதும் அந்த 800இல்தான். அடுத்த முறை தார் போட்டபோதும் அதே 800. மிச்சமுள்ள 600 மீட்டர் சாலையாகப் பதிவாகவே இல்லை. "பதிவேட்டில் இல்லாததை எப்படிங்க பராமரிக்கிறது?" என்றார் அலுவலர். அவர் பொய் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் 800ஆவது மீட்டரில் நின்றுவிடும். மழைக்காலத்தில் பிணத்தைச் சேற்றில்தான் தூக்கிப் போகிறார்கள்.

2000இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின் விதியையும் பாருங்கள். சமவெளிப் பகுதியில் ஒரு குடியிருப்பு சாலையிலிருந்து குறைந்தது 500 மீட்டராவது தள்ளி இருந்தால்தான் அது 'இணைக்கப்படாத குடியிருப்பு'. நம் சேரிகள் பல அதைவிடப் பக்கத்தில் இருக்கின்றன. வயல்வேலைக்குக் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தானே குடிவைத்தார்கள்! அந்த நெருக்கமே காகிதத்தில் நம்மை 'இணைத்து' விடுகிறது.

என்ன செய்யலாம்? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மூன்றைக் கேளுங்கள்: சாலைப் பதிவேடு, கடைசியாகப் போட்ட மதிப்பீடு, அளவுப் புத்தகம். நடக்கும் வேலையை நேரில் ஆய்வு செய்யவும், ஜல்லி, தார் மாதிரி எடுக்கவும் அதே சட்டம் உரிமை தருகிறது. கையில் காகிதம் வந்ததும் நாடா எடுத்துக்கொண்டு சாலையை நீங்களே அளங்கள்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே "எங்களுக்கு ரோடு வேண்டும்" என்று மட்டும் கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள். "801ஆவது மீட்டர் முதல் சுடுகாடு வரை பதிவேட்டில் சேர்க்க வேண்டும்" என்று தீர்மானமாகக் கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். பாதையையே யாராவது மறித்தால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம்.

1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கக்கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். அதை எதிர்த்துப் பெரியார் சிறைக்குப் போனார். இன்று பலகை கிடையாது, பதிவேடு இருக்கிறது. அதைத் திறந்து படிக்கும் வேலை நம்முடையது.