படகின் அடியில் ஒரு ஓட்டை எதற்கு?

(மீனவ இளைஞர்களுக்கான கடல் பாதுகாப்பு விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கடலைப் பத்தி உங்களுக்குச் சொல்லித்தர நான் வரலை. செய்தி எழுதுறதுதான் என் வேலை. ஆனா புதுசா ஃபைபர் படகு வாங்குறவங்க கேட்கிற ஒரு கேள்வி இருக்கு. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஒரு ஓட்டையைப் போட்டு, அதை எதுக்கு ஒரு மூடியால அடைக்கணும்? ஓட்டையே இல்லாட்டி நிம்மதிதானே?

கட்டுமரத்துக்கு இந்தக் கேள்வியே கிடையாது. மேலே ஏறுற தண்ணி கட்டைகளோட இடுக்கு வழியாக் கீழே போயிடும். 2004 சுனாமிக்குப் பிறகு நம்ம கரையில ஃபைபர் படகுகள் பெருகின. ஃபைபர் படகு ஒரு தொட்டி மாதிரி. வெளித் தண்ணியை உள்ளே விடாது. உள்ளே வந்த தண்ணியையும் வெளியே விடாது.

ஐப்பசி, கார்த்திகை மழையை நினைச்சுப் பாருங்க. படகோட திறந்த பரப்பு 10 சதுர மீட்டர்னு வச்சுக்குவோம். 5 சென்டிமீட்டர் மழை பெஞ்சா உள்ளே 500 லிட்டர் தண்ணி, அதாவது அரை டன். அந்தப் பாரத்தோட படகை மணல்ல இழுத்தா அடிப்பகுதி என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். மூடியைத் திறந்துவிட்டா, படகு சாஞ்சு நிக்கிற பக்கமா தண்ணி தானா வடிஞ்சிடும். தினமும் கரையேத்துற படகுக்கு இந்த ஓட்டை தேவை என்பதே என் கருத்து.

சரி, அதைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வச்சா என்ன? ஓட்டைக்குக் கீழே இருக்கிற தண்ணி அப்படியே தங்கிடும். படகுக்குள்ள தண்ணி சேர்ற இடம் எப்பவும் தூர்தான், அது தண்ணீர் மட்டத்துக்குக் கீழேதான் இருக்கும். முழுசா வடியணும்னா ஓட்டையும் அங்கேதான் இருக்கணும்.

துறைமுகத்திலேயோ முகத்துவாரத்திலேயோ எப்பவும் மிதந்துக்கிட்டே நிக்கிற படகுக்குக் கணக்கு வேற. அங்கே மூடியைத் திறந்தா தண்ணி வெளியே போகாது, உள்ளேதான் வரும். அதுக்குப் பம்பும் வாளியும் போதும். அந்தப் படகுல புதுசா ஓட்டை போடாதீங்க.

எவ்வளவு வேகமா உள்ளே வரும்? ஒரு அங்குல ஓட்டை, தண்ணீர் மட்டத்துக்கு ஒரு அடி கீழே இருந்தா நிமிஷத்துக்கு ஏறக்குறைய 40 லிட்டர். பெரிய குடம் ரெண்டரை! மூடி போட மறந்து கிளம்பினா பத்து நிமிஷத்துல 400 லிட்டர். அந்தத் தண்ணி ஒரு இடத்துல நிக்காது. அலைக்கு ஏத்த மாதிரி ஒரு பக்கமா ஓடி, படகைச் சாய்க்கும்.

இன்னொரு பழக்கமும் இருக்கு. வேகமா ஓடும்போது மூடியைத் திறந்துவிட்டா, பின்பக்க ஓட்டை வழியாத் தண்ணி வெளியே உறிஞ்சப்படும். உண்மைதான். ஆனா அந்த நேரம் என்ஜின் நின்னுட்டா? அதே ஓட்டை வழியாக் கடல் உள்ளே வரும். ராத்திரியில இந்த விளையாட்டு வேண்டாம்.

மூடி விஷயத்துல சிக்கனம் பார்க்காதீங்க. சாதாரண இரும்பு துருப்பிடிச்சு மரை தேஞ்சிடும். ரப்பர் வெயில்ல காஞ்சு விறைச்சு, வெடிப்பு விடும். ஆகவே அடிக்கடி மாத்தணும். உள்பக்கமிருந்து போடுற மூடியா இருந்தா, கழன்டாலும் கடல்லயே மாத்திடலாம். மூடியை ஒரு கயித்துல கட்டி ஓட்டைக்குப் பக்கத்துலேயே வைங்க. கூடவே கூம்பாச் சீவின மென்மரக் கட்டை ஒண்ணு. நனைஞ்சா ஊறி இறுகிக்கும், அவசரத்துக்கு அதுவே கைகொடுக்கும். கரையில மூடியைக் கழட்டினா அதை என்ஜின் பெட்ரோல் குழாயோட சேர்த்துக் கட்டிடுங்க. குழாயை மாட்டாம கிளம்ப முடியாதில்லையா, அப்போ மூடியும் கையில வந்திடும்.

உள்ளூர்ல ஓட்டை போடுறவங்களிடம் ஒண்ணு சொல்லணும். வெட்டின விளிம்பை ரெசின் பூசி அடைக்காம விட்டா, உள்ளே இருக்கிற மரமோ நுரையோ தண்ணியைக் குடிச்சுக்கிட்டே இருக்கும். படகு வருஷா வருஷம் கனமாகும். மிதப்புக்குன்னு அடைச்ச நுரை தண்ணி குடிச்சா, கவுந்த நேரத்துல அது நம்மைத் தூக்காது.

கடல்ல திடீர்னு கால் நனைஞ்சா முதல்ல மூடியைப் பாருங்க, அப்புறம் மத்த இடங்கள். ஒருத்தர் அடைக்கணும், ஒருத்தர் இறைக்கணும். எல்லாரும் உயிர்காப்புச் சட்டை போட்டுக்கணும். விஎச்எஃப் கருவி இருந்தா 16ஆம் சேனல். போன் சிக்னல் இருந்தா கடலோரக் காவல்படையின் கட்டணமில்லா எண் 1554. நீங்க இருக்கிற இடத்தோட ஜிபிஎஸ் எண்ணை முதல்ல சொல்லுங்க, விவரமெல்லாம் பிறகு.

கேள்வி இருந்தா கேளுங்க. வெளியே ஒரு படகு கரையேறி நிக்குது, அதுல மூடியைக் கழட்டிக் காட்டிக்கிட்டே பேசலாம்.