நீர் வற்றினால் பார்வை திரும்புமா?



கண் வைத்தியரான என்னிடம் நோயாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றையே இன்று பேச எடுத்துக்கொண்டேன். "கண்ணுக்குள் இருந்த நீர் வற்றிவிட்டது என்கிறீர்கள். எழுத்து இன்னும் மங்கலாகத்தானே தெரிகிறது, ஏன் டொக்டர்?"

விழித்திரை, கண்ணின் உட்புறம் பின்சுவரில் படிந்திருக்கும் மெல்லிய படலம். வாசிக்கவும் முகங்களை அடையாளம் காணவும் உதவும் அதன் மையப்பகுதியின் கனம் ஏறத்தாழ கால் மில்லிமீற்றர். 1991 இல் அறிமுகமான ஓ.சி.ரி. பரிசோதனை, ஊசியோ வலியோ இன்றி ஒளியாலேயே இந்தக் கனத்தை அளந்து தருகிறது.

இந்த மையத்துக்கு அடியில் நீர் கசிந்து தேங்கும் நோய் ஒன்றுண்டு. நடுவயது ஆண்களுக்கே கூடுதலாக வரும்; கர்ப்பிணிகளுக்கும் ஸ்டீரொயிட் மருந்து பாவிப்போருக்கும் வரலாம். பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் நீர் தானாகவே வற்றிவிடும். ஆனால் ஒளியை உணரும் கலங்களுக்கு ஒட்சிசனும் ஊட்டமும் பின்னாலுள்ள குருதிக்குழாய்ப் படையிலிருந்தே வருகின்றன. இடையில் நீர் நின்றால் அந்த ஊட்டம் குறைகிறது. நீண்டநாள் நின்றால் கலங்கள் அழிந்து படலம் மெலிகிறது. நோய் மாறிய பின் மையம் மெலிந்த கண்களில் பார்வையும் குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நோயின்போது தடிப்பு கவலை தரும். மாறிய பின் மெலிவு கவலை தரும்.

எனினும் கனம் மட்டுமே பார்வை அல்ல. நீரிழிவால் விழித்திரை வீங்கியும் நன்றாக வாசிப்போர் உண்டு. வீக்கம் முற்றாக வற்றியும் வாசிக்க முடியாதோர் உண்டு. ஆகவே ஒளியுணர் கலங்களின் கோடு படத்தில் அறாமல் தொடர்கிறதா என்றும் பார்க்கிறோம்.

ஹட்சன் சில்வா 1961 இல் தொடங்கிய கண்தானச் சங்கத்தால் இலங்கை உலகெங்கும் கண் கொடுக்கும் நாடாயிற்று. ஆனால் அவ்வாறு பொருத்தப்படுவது கண்ணின் முன்னுள்ள விழிவெண்படலம். அழிந்த விழித்திரைக்குப் பதிலாக வேறொன்றைப் பொருத்த இன்று வழியில்லை.

எல்கடுவை, ரத்தோட்டைத் தோட்டங்களிலிருந்து ஒரு தாய் கிளினிக்குக்கு வருவதென்றால் ஒருநாட் சம்பளம் போகும். இரு கண்ணாலும் பார்க்கும்போது ஒரு கண்ணின் குறை தெரிவதுமில்லை. பொறுத்துக்கொள்கிறார்கள். அந்த மாதங்களில்தான் படலம் மெலிகிறது.

எனவே சில வேண்டுகோள்கள். கணிதக் கொப்பியின் சதுரத் தாளை எடுங்கள். வாசிக்கும் கண்ணாடி இருந்தால் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மூடி நடுச்சதுரத்தைப் பாருங்கள். பின் மற்றக் கண். கோடு வளைந்தாலோ, நடுவில் கறுத்தாலோ தாமதியாமல் கண் வைத்தியரிடம் செல்லுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கொருமுறை விழித்திரையைக் காட்டுங்கள். முகம் வெளுக்கவென விற்கும் சில கிறீம்களில் ஸ்டீரொயிட் கலந்திருக்கும், அவற்றைத் தவிருங்கள். வைத்தியர் தந்த ஸ்டீரொயிட்டை மட்டும் அவரைக் கேளாமல் நிறுத்த வேண்டாம்.

கடல் கடந்து வாழும் சகோதரிகளே, அடுத்தமுறை அம்மாவுடன் தொலைபேசியில் பேசும்போது, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்ட பின், "ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்த்தீங்களா?" என்றும் கேளுங்கள்.