அத்திமூரும் ஃபார்வர்டு பொத்தானும்



சட்டமும் இணையமும் பற்றிப் பேசுவதற்கு வெளிநாட்டுத் தீர்ப்புகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. நம் மாவட்டத்துப் போளூர் போதும். 2018 மே 9 அன்று, அதன் அருகே அத்திமூர்ப் பகுதியில், கோயிலுக்குப் போகக் காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. அவர்களில் ஒரு மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் இறங்கியிருப்பதாக அப்போது வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் கூடி அடித்ததில் அந்த அம்மா இறந்தார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். அடித்தவை மனிதக் கைகள். கைபேசியின் மேல் பழியைப் போட்டு நாம் தப்பிக்க முடியாது.

ஆனால் கருவியும் மாறத்தான் வேண்டியிருந்தது. ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துளே மாவட்டத்தில் இதே வதந்தி 5 பேரைக் கொன்றது. மத்திய அரசு வாட்ஸ்அப்புக்குக் கடுமையாக எழுதியது. ஜூலை 17 அன்று உச்ச நீதிமன்றம் கும்பல் கொலைகளைத் தடுக்க வழிமுறைகளை வகுத்தது. அதே மாதத்தில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 உரையாடல்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி நிறுவனம் மாற்றியது. 2019 ஜனவரியில் அது உலகம் முழுமைக்கும் வந்தது. அந்த 5 எந்தச் சட்டப் பிரிவிலும் எழுதப்பட்டதல்ல. அரசின் நெருக்குதலால் ஒரு பொறியாளர் எழுதிய நிரல் அது. ஆனாலும் சட்டத்தைப் போலவே எல்லோரையும் கட்டுப்படுத்துகிறது. யார் எழுதியதையும் படிக்காமலே வேகத்தைக் குறைத்தது என்பதால் நான் அதை வரவேற்கிறேன்.

அடுத்து நடந்ததுதான் எனக்குக் கவலை தருகிறது. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாருடன் இணைக்கக் கோரி 2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனு வந்தது. பேச்சு மெல்ல, செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடிப்பதை நோக்கித் திரும்பியது. முடியும் என்றார் சென்னை ஐஐடியின் பேராசிரியர் காமகோடி. அந்த யோசனையை மறுத்தார் மும்பை ஐஐடியின் மனோஜ் பிரபாகரன். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே முடிவு வரும் முன்பே, 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளில் 4(2) அதைக் கட்டாயமாக்கியது. நீதிமன்றமோ உரிய அதிகாரியோ ஆணையிட்டால், 50 லட்சத்துக்கு மேல் பயனர்களைக் கொண்ட செய்திச் செயலிகள் முதல் அனுப்புநரைக் காட்ட வேண்டும்.

நாளை எந்தச் செய்தியை அனுப்பியவரைக் கேட்பார்கள் என்பது இன்று தெரியாது. ஆகவே எல்லோருடைய எல்லாச் செய்திக்கும் அடையாளம் இட்டு வைக்க வேண்டியிருக்கும். அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி வாட்ஸ்அப்பில் 2016 முதல் இருந்துவரும் மறையாக்கப் பூட்டு அதனால் தளரும். 2017-இல் புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்த நாடு இது.

இன்னொன்றும் கேளுங்கள். செய்தி வெளிநாட்டில் பிறந்திருந்தால், இந்தியாவுக்குள் முதலில் அனுப்பியவரே முதல் அனுப்புநராகக் கருதப்படுவார். பிள்ளைகள் மேல் உள்ள பயத்தில் அனுப்பிய ஒரு தாய்கூட அந்த இடத்தில் நிற்க நேரலாம். வஞ்சகன் அதையே புதிதாகத் தட்டச்சு செய்து அனுப்பினால் சங்கிலி அறுந்துவிடும்.

விதியை எதிர்த்து வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போவோம் என்று 2024 ஏப்ரலில் அங்கே சொன்னது. ஒரு நிறுவனம் இருக்குமா போகுமா என்பது என் கவலையல்ல. இந்த மன்றத்து இளம் வழக்கறிஞர்களிடம் நான் கேட்பது வேறு. கைதானவரின் கைபேசியை முறைப்படி கைப்பற்றி, அவருக்கு அனுப்பியவர் யார், அவருக்கு அனுப்பியவர் யார் என்று ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போகும் புலனாய்வுக்கு எந்தப் பூட்டையும் உடைக்க வேண்டியதில்லை. அதற்குத் தேவைப்படுவது காவல் நிலையத்தில் பயிற்சி பெற்ற ஆளும், வதந்தி கிளம்பிய அன்றே ஊருக்குள் வந்து அதை மறுக்கும் காவலரும். இவ்விரண்டையும் கேட்டு மனு போடுங்கள்.