அம்மம்மாவின் பெயரைத் தேடி



வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் “எங்கட குடும்பப் பெயர் என்ன?” என்று கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பெரும்பாலானோருக்கு அப்படியொன்று இல்லை. தகப்பனின் பெயர் எங்களுக்கு முன்னெழுத்து. கலியாணம் முடித்தால் கணவரின் பெயர். அதனால் கனடாவில் அண்ணரின் பிள்ளைகளுக்கு அண்ணரின் பெயரும், லண்டனில் தம்பியின் பிள்ளைகளுக்குத் தம்பியின் பெயரும் குடும்பப் பெயராகிவிட்டன. இந்த முறையில் தாய்வழி எங்குமே தெரியாது.

நோயாளிகளிடம் “குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா?” என்று நாள்தோறும் கேட்பவள் நான். என் அம்மாவுக்கு மார்புப் புற்றுநோய் கண்டபோது அதே கேள்வியை என்னிடம் கேட்டார்கள். அம்மம்மா இளவயதில் இறந்தவர். “வயிறு வீங்கிச் செத்தவ” என்பதற்கு மேல் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

மரண அத்தாட்சிப் பத்திரத்தைத் தேடினேன். அவருடைய பெயர் ‘செ’ என்று தொடங்கும். ஆங்கிலத்தில் அதை ‘எஸ்’ போட்டும் எழுதலாம், ‘சி எச்’ போட்டும் எழுதலாம். ‘எஸ்’ஸில் மட்டும் தேடி, இல்லையென்று திரும்பினேன். வழிகாட்டியது எங்கள் பாடசாலையின் பழைய சேர்வு இடாப்பு. அம்மம்மாவும் இங்கு படித்தவர். அதில் ‘சி எச்’ என்று இருந்தது. தகப்பன் பெயரும் ஊரும் பிறந்த திகதியும் இருந்தன. பிறகு பத்திரமும் கிடைத்தது. காரணம்: சூலகப் புற்றுநோய்.

சில குடும்பங்களில் இவ்விரண்டு புற்றுநோய்களும் ஒரே மரபணு மாற்றத்தால் வரும். அது தாய்வழியாகவும் வரும், தகப்பன்வழியாகவும் வரும். இன்று நானும் என் சகோதரிகளும் மருத்துவக் கண்காணிப்பில் இருக்கிறோம்.

தேடுபவர்களுக்குச் சில வார்த்தைகள். எழுத்தைப் பார்க்காமல் ஓசையைப் பாருங்கள். ‘த’ ஓரிடத்தில் ‘ரி’யாகவும் இன்னோரிடத்தில் ‘ரி எச்’ ஆகவும் இருக்கும். உறுதியில் கந்தர் என்றிருப்பவர் கோயில் கணக்கில் கந்தையாவாக இருக்கலாம். 1816இல் இங்கு வந்த அமெரிக்க மிஷனரிமார், படிப்புச் செலவைக் கொடுத்த அமெரிக்கரின் பெயர்களை மாணவர்க்கு இட்டார்கள். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை என்ற பெயர்களை நீங்கள் அறிவீர்கள். அவ்வாறான பெயரைப் பார்த்து வெள்ளைக்காரப் பரம்பரை என்று எண்ண வேண்டாம்.

நூற்றாண்டு காணும் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். இடாப்புகளின் தாள்கள் பொடியாகின்றன. அவற்றைப் படம்பிடித்துப் பாதுகாப்போம். நீங்கள் இன்றிரவு வீட்டுக்குப் போய் ஒரு கொப்பியில் அம்மா, அம்மம்மா, அவருடைய அம்மா ஆகியோரின் பெயர்களையும் அவர்கள் எந்த நோயால் இறந்தார்கள் என்பதையும் தமிழில் எழுதி வையுங்கள். கேட்பதற்கு ஆட்கள் இருக்கும்போதே கேளுங்கள்.