பரங்கிப்பேட்டை: ஆறும் கடலும் நம் முன்னோரும்
(குடும்ப சந்திப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் பிள்ளைகளிடம் ஊர் எது என்று கேட்டால், சிதம்பரத்துக்குப் பக்கம் என்கிறார்கள். ஒரு காலத்தில் கடல் கடந்த நாடுகளின் வணிகர்களுக்கு இந்த ஊரின் பெயர் தெரியும். அதைப் பற்றிக் கொஞ்சம் பேசவே இன்று நிற்கிறோம்.

முதலில் மண்ணைப் பார்ப்போம். சேலம் பக்கத்து மலைகளில் இருந்து வசிட்ட நதியும் சுவேத நதியும் இறங்கி ஒன்றாகி வெள்ளாறு ஆகின்றன. சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டி வரும் அந்த ஆறு கடலில் சேருகிற முகத்துவாரத்தின் வடகரையில் இருக்கிறது நம் ஊர். தெற்கே கொள்ளிடம். இரண்டு ஆறுகளுக்கும் நடுவே பிச்சாவரத்து அலையாத்திக் காடு. நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கிற இடம் என்பதால் மீனும் இறாலும் நண்டும் இங்கே குஞ்சு பொரித்து வளர்கின்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தன் கடல் உயிரியல் ஆய்வு மையத்தை இந்தக் கரையில் அமைத்ததும் அதனால்தான்.

அடுத்து, பெயர். ஐரோப்பியரை அரபிகளும் பாரசீகரும் ஃபரங்கி என்றார்கள். அந்தப் பரங்கியர் குடியேறிய பேட்டை பரங்கிப்பேட்டை. போர்ச்சுகீசியர் தங்கள் மொழியில் புதிய துறைமுகம் என்ற பொருளில் போர்ட்டோ நோவோ என்றார்கள். நம்மவர் வழங்கிய பெயர் மஹ்மூது பந்தர். பந்தர் என்றால் பாரசீகத்தில் துறைமுகம். மூன்று பெயர்களுமே இது கப்பல் வந்த ஊர் என்றுதான் சொல்கின்றன.

போர்ச்சுகீசியருக்குப் பின் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் டேனியரும் இங்கே வந்து கிடங்கு கட்டினார்கள். அவர்களை இழுத்தது துணி. சுற்றுவட்டாரக் கிராமங்களில் நெய்து சாயம் ஏற்றிய துணி இங்கிருந்து கப்பல் ஏறியது. மரைக்காயர்கள் சொந்த மரக்கலங்களில் அச்சேக்கும் கெடாவுக்கும் மலாக்காவுக்கும் போய் வந்தார்கள். அந்த நாடுகளில் அவர்களைச் சூலியர் என்றார்கள். இந்த ஊர்ப் பெயராலேயே பரங்கிப்பேட்டை வராகன் என்ற பொன் நாணயம் புழங்கியது. ஓர் ஊரின் பெயரில் நாணயம் ஓடியது என்றால், அந்த ஊர் வணிகரின் வாக்குக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

துறைமுகம் இருந்ததால் போரும் வந்தது. 1781 ஜூனில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் சிதம்பரம் கோயில் கோட்டையைத் தாக்கித் தோற்று, இங்கே பின்வாங்கினார். அவருடைய படைக்கு அரிசி கடல் வழியாகத்தான் வர வேண்டும். கடலூருக்குப் போகும் வழியை மறித்து, பன்மடங்கு பெரிய படையோடு ஹைதர் அலி வந்து நின்றார். ஜூலை 1 அன்று நடந்த சண்டையில் ஆங்கிலேயர் வென்றார்கள். தென்னாட்டின் தலையெழுத்தை மாற்றிய சண்டைகளில் அது ஒன்று.

1830 வாக்கில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இங்கே இரும்பு உருக்காலை தொடங்கினார். சேலம் பகுதியின் இரும்புத்தாது இங்கே வந்தது. உருக்குவதற்கு மரக்கரி. கரிக்காகக் காடுகளை வெட்ட வெட்ட விறகு தூரமாகிப் போனது, செலவு ஏறியது. சில பத்தாண்டுகளில் ஆலை நின்றது. மரத்தை நட்டு வளர்க்காமல் வெட்டி மட்டும் தின்ற தொழில் நிலைக்கவில்லை.

துறைமுகமும் தளர்ந்தது. ஆற்றின் மணல் முகத்துவாரத்தில் திட்டாகப் படிந்தது. பெரிய நீராவிக் கப்பல்கள் உள்ளே வர முடியாது. ரயில் வந்தபின் சரக்கு சென்னைக்குத் திரும்பியது. ஆனாலும் நம் ஆண்கள் கடல் கடப்பதை நிறுத்தவில்லை. அன்று பினாங்கு, இன்று வளைகுடா.

இனி, நம் கண் முன்னே நடந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. கடலோரக் குப்பங்களை அலை அடித்துப் போனது. மணல் திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு போன்ற இடங்களில் சேதம் கடுமை. அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவு என்று ஆய்வாளர்கள் பின்னர் எழுதினார்கள். அன்று ஊர் ஜமாஅத் உடனே இறங்கியது. தப்பி வந்த மீனவக் குடும்பங்களுக்குக் கல்யாண மண்டபங்கள் திறந்தன. சோறு பொங்கிப் பரிமாறப்பட்டது. இறந்தவர்களை அடக்கம் செய்யவும் நம் பிள்ளைகள் நின்றார்கள். யாரும் யாருடைய மதத்தையும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டார் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறு நிறைய உண்பவர் முஃமின் அல்லர் என்று படித்தவர்கள் நாம். அந்தப் படிப்புக்கு அன்று பரீட்சை வந்தது; ஊர் தேறியது.

எனவே உங்களிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறோம்.

ஒன்று, வீட்டைப் புதுப்பிக்கும்போது பழைய பெட்டியை அப்படியே குப்பையில் போடாதீர்கள். கப்பல் கணக்கு, மலேயாக் கடிதம், அரபுத் தமிழ்க் கிதாபு, நிலப் பத்திரம் எதுவானாலும் ஒரு படம் எடுத்து வையுங்கள். மையவாடியின் பழைய மீசான் கற்களில் எழுத்து தேய்ந்துகொண்டே போகிறது. படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளை அழைத்துப் போய்ப் படித்து எழுதச் சொல்லுங்கள்.

இரண்டு, ஆற்றங்கரையிலும் முகத்துவாரத்திலும் குப்பை கொட்டுவதைத் தடுப்போம். சுரபுன்னையும் வெண்கண்டலும் முளைக்கும் இடத்தை அழிக்க விடாதிருப்போம். அந்த மரங்கள் நமக்குச் சுவர்.

மூன்று, நம் வீட்டு ஆண்கள் பலர் வெளிநாட்டில். புயல் எச்சரிக்கை வந்தால் எங்கே போவது, பத்திரங்களையும் மருந்துகளையும் எந்தப் பையில் எடுப்பது என்று வீட்டுப் பெண்களும் முதியோரும் இன்றே பேசி வையுங்கள். தெருவில் தனியாக இருக்கும் முதியவரை யார் அழைத்து வருவது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

கப்பல் போய்விட்டது. நாணயம் போய்விட்டது. ஆலை போய்விட்டது. அண்டை வீட்டாரைத் தாங்கும் குணம் மட்டும் போகவில்லை. அதை நம் பிள்ளைகளிடம் ஒப்படைக்க அல்லாஹ் நமக்கு தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.