எலும்பு நீக்கும் கத்தி

பெருநாளோ விருந்தோ வந்துவிட்டால் அடுக்களையில் இறைச்சி வேலை மிகுந்துவிடும். ஆட்டுத் தொடையை எலும்பினின்றும் பிரித்தெடுக்க முனையும் இல்லத்தரசி, கைக்கு எட்டிய கனத்த கத்தியையே எடுக்கின்றாள். அது மழுங்கியிருப்பதால் அழுத்துகின்றாள். அழுத்திய கத்தி எலும்பில் வழுக்கி விரலிற் பாய்கின்றது. கத்தி கூராயிருந்தமையாற் கை வெட்டுண்டது என அயலார் கூறுவர். உண்மை அதற்கு மாறானது. கூரிய கத்தி சிறு விசையிலேயே அறுக்கும்; மழுங்கிய கத்தியே மிகுந்த விசையை வேண்டி நின்று கையைத் தவறச் செய்யும்.

சுவாங்சு என்னும் சீன ஞானியின் பெயரால் வழங்கும் பழைய நூலிலே ஒரு சமையற்காரனின் கதை வருகின்றது. எலும்பை வெட்டிப் பிளப்பவர் மாதந்தோறும் கத்தியை மாற்ற, அவனோ ஆயிரக்கணக்கான மாடுகளைப் பகுத்தும் 19 ஆண்டுகளாக ஒரே கத்தியை வைத்திருந்தான். மூட்டுகளின் இடைவெளியைக் கண்டு, அவ்வழியே கத்தியைச் செலுத்தியமையே அதற்குக் காரணம். எலும்பு நீக்கும் கத்தி இவ்வேலைக்கென்றே அமைந்ததாகும்.

இக்கத்தியின் அலகு ஒடுங்கியது, 5 முதல் 7 அங்குலம் வரை நீண்டது, முனை கூரியது. ஆடு, மாடு ஆகியவற்றின் இறைச்சிக்கு வளையாத அலகு ஏற்றது. கோழிக்கும் மீனுக்குஞ் சற்றே வளைந்து கொடுக்கும் அலகு நன்று. உருக்கிலும் வகையுண்டு. கரி மிகுந்த பழைய வகை உருக்கு எளிதிற் கூரேறும். ஆயின் ஈரம் பட்டால் விரைவிற் துருப்பிடிக்கும். 1913 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் செபீல்ட் நகரிலே ஹரி பிரியர்லி என்பவர் உருவாக்கிய துருப்பிடியா உருக்கின் வழிவந்தவையே இன்று பெரும்பாலான வீடுகளிற் காணப்படுகின்றன. வாங்குமுன் கத்தியைக் கையிற் பிடித்துப் பார்த்தல் வேண்டும். கொழுப்புப் பட்டாலும் வழுக்காத பிடியும், விரல் முன்னே சறுக்கி அலகிற் படாதவாறு தடுக்கும் அமைப்பும் இன்றியமையாதவை.

வேலை செய்யும்போது முனையால் மூட்டைத் தேடி, எலும்பை ஒட்டியவாறு சிறு சிறு கீறல்களாக அறுத்தல் வேண்டும். மற்றக் கை ஒருபோதும் அலகின் வழியில் இருத்தலாகாது. எலும்பை வெட்ட இக்கத்தியைப் பயன்படுத்தினால் அதன் வாய் உடைந்துவிடும். அதற்குக் கனத்த வெட்டுக்கத்தி வேறாக உண்டு. கைதவறி விழும் கத்தியைப் பிடிக்க முயலாது விலகி நிற்பதே அறிவுடைமை.

இனி, பராமரிப்பு. சாணைக்கல்லில் ஒவ்வொரு பக்கத்தையும் ஏறத்தாழ 15 முதல் 20 பாகைச் சாய்வில், சாய்வு மாறாது தீட்டுக. ஒரு பக்கத்தைத் தீட்டுகையில் மறுபக்கத்திலே நுண்ணிய பிசிறு தோன்றும். அதுவே கல் விளிம்புவரை வேலை செய்தமைக்கு அடையாளம். பின்னர் மறுபக்கத்தையுந் தீட்டிப் பிசிறை நீக்குக. தீட்டுகோல் என்னும் உருக்குக் கோலோ, வளைந்த விளிம்பை நிமிர்த்துவது மட்டுமே. மழுங்கிய கத்திக்குக் கல்லே வேண்டும்.

பச்சை இறைச்சியிலே நோய்க்கிருமிகள் இருக்கலாம். ஆதலின் அக்கத்தியாற் காய்கறி நறுக்குமுன் அதனையும் பலகையையுஞ் சவர்க்காரமும் சுடுநீரும் கொண்டு கழுவுதல் வேண்டும். பாத்திரங்களோடு நீரில் ஊறவிட்டால் மரப்பிடி வெடிக்கும். நீருக்குள் மறைந்த அலகு கழுவுவோர் கையையும் பதம் பார்க்கும். தனியே கழுவி, உடனே துடைத்து, உறையிட்டு, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைப்பது நலம்.

கத்தியின் நிலையை அறிய ஓர் எளிய சோதனையுண்டு. ஒரு தாளைத் தூக்கிப் பிடித்து, அதன் விளிம்பிற் கத்தியை மெல்ல இழுத்துப் பாருங்கள். சீராக அறுத்தாற் கத்தி நன்று. தாள் கசங்கிக் கிழிந்தால், அடுத்த விருந்துக்கு முன்னரே சாணைக்கல்லை எடுத்துவிடுங்கள்.