எழுதி வைத்த சொல்



நிலாவெளியில் அதிகாலை கடலுக்குப் போகிறவர், வலை, வள்ளம், எண்ணெய் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். ஆனால் தனக்குப் பிறகு வீடும் காணியும் யாருக்கு என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிடுவார். கேட்டால், "நொத்தாரிசுக்குச் செலவாகுமே" என்பார்.

மரணசாசனம் எழுத இலங்கையில் இரண்டு வழிகள் உண்டு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இதைச் சொல்கிறது. நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் கையொப்பமிடலாம். நொத்தாரிசு இல்லாவிட்டால், ஒரே நேரத்தில் கூடியிருக்கும் ஐந்து சாட்சிகள் முன்னிலையில் ஒப்பமிடலாம். இரண்டாவது வழியில் நொத்தாரிசுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் வாசகம் பிசகினால் பிள்ளைகள் நீதிமன்றப் படி ஏற வேண்டிவரும். அந்தச் செலவோடு பார்த்தால் நொத்தாரிசுக்குக் கொடுப்பது சிறுதொகை.

ஒன்றுமே எழுதாவிட்டால்? 1876ஆம் ஆண்டின் பொதுச் சட்டப்படி, வாழ்க்கைத் துணைக்குப் பாதி, மீதி பிள்ளைகளுக்கு. தேசவழமை, முஸ்லிம் சட்டம் ஆகியவற்றுக்கு உட்பட்டோருக்கு முறை வேறு.

2004 டிசம்பர் 26 காலை சுனாமியாக எழுந்த கடல் நம்மிடம் நேரம் கேட்டு வரவில்லை. ஆகவே காணி உறுதியை எடுத்துக்கொண்டு நொத்தாரிசிடம் போங்கள். கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். சொத்துப் பெறுகிறவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். வசதி குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் ஆலோசனை கேட்கலாம்.

பிள்ளைகளுக்குக் காணியை மட்டுமல்ல, ஒற்றுமையையும் விட்டுச் செல்லுங்கள்.